நடைபாதையில் கசியும் மின்சாரம்

தெருவிளக்குக் கம்பம், பில்லர் பாக்ஸ் எனப்படும் மின்விநியோகப் பெட்டி, சாக்கடை மூடி, சிக்னல் பெட்டி, பேருந்து நிழற்குடையின் இரும்புத் தூண் என்று நகரத்து நடைபாதையில் மனிதரின் கையும் காலும் படுகிற உலோகப் பொருள்கள் ஏராளம். இவற்றின் வெளிப்புறத்தில் எந்த நேரத்திலும் மின்சாரம் இருக்கக் கூடாது. உள்ளே போகும் கம்பியின் உறை கிழிந்தாலோ, மண்ணுக்கடியில் கிடக்கும் கேபிளின் இணைப்பில் ஈரம் புகுந்தாலோ அந்த உலோகத்தில் மின்னழுத்தம் ஏறிவிடும். இதைத்தான் மின்கசிவு என்கிறார்கள். மற்ற மின்கோளாறுகள் புகையாகவோ பொறியாகவோ தங்களைக் காட்டிக்கொள்ளும். இது காட்டிக்கொள்ளாது. விளக்கு வழக்கம்போல எரியும், மூடி வழக்கம்போலக் கிடக்கும். வெயில் நாளில் நூறு பேர் தொட்டுப் போன கம்பம் மழை நாளில் ஒருவரைக் கொல்லும்.

இதில் இரண்டு வகை உண்டு. வீடுகளுக்கு வந்த மின்னோட்டம் நியூட்ரல் கம்பி வழியே மின்மாற்றிக்குத் திரும்பும்போது அதில் ஒரு பகுதி மண் வழியாகவும் போகும். அதனால் அங்கங்கே சில வோல்ட் அழுத்தம் உண்டாகும். தண்ணீர்த் தொட்டியில் வாய் வைக்கும் மாடு அதை உணர்ந்து பின்வாங்கும். மனிதருக்குப் பெரும்பாலும் தெரியாது. இன்னொரு வகை, ஃபேஸ் கம்பியே பழுதாகி உலோகத்தைத் தொட்டுவிடுவது. அப்போது கம்பத்திலோ மூடியிலோ வீட்டு பிளக்கில் இருக்கும் 230 வோல்ட்டில் பெரும்பகுதி நிற்கும். தெருவில் உயிரைக் குடிப்பது இந்த இரண்டாவது வகை.

இந்த ஆபத்து எப்படி உருவாகிறது என்பதைப் பெங்களூரை வைத்துப் பார்க்கலாம். அந்த ஊரின் மின்வரலாறு நூற்றாண்டைத் தாண்டியது. சிவனசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியிலிருந்து எடுத்த மின்சாரம் 1902இல் கோலார் தங்கவயலுக்குப் போனது. 1905 ஆகஸ்ட் 5ஆம் தேதி, இன்றைய கே.ஆர். மார்க்கெட் பகுதியில் மின்விளக்குகள் எரிந்தன. அதற்குப் பிறகு ஊர் விரிய விரியக் கம்பிகளும் கூடின. பழைய கம்பியை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்ட இடங்களைவிட, பழையதன் பக்கத்திலேயே புதியதைச் சேர்த்த இடங்கள்தான் அதிகம். 2002இல் விநியோகம் பெஸ்காம் நிறுவனத்தின் கைக்கு வந்தது. அண்மை ஆண்டுகளில் 11,000 வோல்ட் மேல்நிலைக் கம்பிகளைப் பூமிக்கடியில் கேபிளாக இறக்கும் பணியும், குறைந்த அழுத்தக் கம்பிகளை உறையிட்ட கட்டுக் கம்பிகளாக மாற்றும் பணியும் நடந்திருக்கின்றன. மேலிருந்து அறுந்து விழும் ஆபத்து இதனால் குறைகிறது. ஆனால் கண்ணுக்கு எதிரே இருந்த கம்பி கண்ணுக்கு மறைவான இடத்துக்குப் போகிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பெங்களூர் நடைபாதை பல இடங்களில் வெறும் தரை அல்ல. மழைநீர் வடிகாலின் மேல் கற்பலகைகளைப் பரப்பி, அதையே நடைபாதையாக்கியிருப்பார்கள். பலகைக்கு அடியில் தண்ணீர் ஓடும். ஓரத்தில் மின்கேபிளும் இணையக் கேபிளும் கிடக்கும். நடுவே இரட்டைக் கம்பத்தில் மின்மாற்றி நிற்கும். அதன் ஃபியூஸ் பெட்டி இடுப்பு உயரத்தில் இருக்கும். செயின்ட் மார்க்ஸ் சாலை, ரெசிடென்சி சாலை போன்ற நகர்மையச் சாலைகளில் டெண்டர்ஷ்யூர் என்ற சாலைச் சீரமைப்புத் திட்டத்தின் கீழ் ஒவ்வொரு சேவைக்கும் நடைபாதைக்கு அடியில் தனித்தனிக் குழாய் அமைத்தார்கள். அது செலவு பிடித்த வேலை. நகரத்தின் மிகச் சிறிய பகுதிக்கே அது கிடைத்தது. மற்ற இடங்களில் யார் எப்போது எதைப் புதைத்தார்கள் என்று காட்டும் நம்பகமான வரைபடம் கிடைப்பது அரிது.

ஒரே நடைபாதையில் அடுத்தடுத்துக் கிடக்கும் நான்கு மூடிகள் நான்கு பேருக்குச் சொந்தமாக இருக்கலாம். ஒன்று குடிநீர் கழிவுநீர் வாரியத்துடையது, இன்னொன்று பெஸ்காமுடையது, மூன்றாவது ஏதோ தொலைத்தொடர்பு நிறுவனத்துடையது, நான்காவது போக்குவரத்து சிக்னலுக்கானது. தெருவிளக்கு மாநகராட்சியின் பொறுப்பு; அதற்கு வரும் மின்சாரம் பெஸ்காமுடையது. மின்சாரம் இந்த எல்லைகளைப் பார்ப்பதில்லை. கம்பியே இல்லாத சாக்கடை மூடியின் இரும்புச் சட்டம்கூட, பக்கத்தில் பழுதான கேபிளிலிருந்து ஈரமண் வழியே அழுத்தம் பெறும். காங்கிரீட் மூடி என்றால் பயமில்லை என்று நினைப்பதும் தவறு. அதன் விளிம்பிலும் உள்ளேயும் இரும்பு இருக்கிறது; நனைந்த காங்கிரீட்டும் மின்சாரத்தைக் கடத்தும்.

கோளாறு எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க, ஒரு தெருவிளக்குக் கம்பத்தின் அடிப்பாகத்தைப் பார்த்தால் போதும். முழங்கால் உயரத்தில் ஒரு சிறு கதவு இருக்கும். அதற்குள்ளே ஒரு பேக்லைட் கட்டை. தரையிலிருந்து வரும் கேபிளும் விளக்குக்கு ஏறும் ஒயரும் அதில்தான் சேரும். கதவின் திருகு துருப்பிடித்து உதிரும், அல்லது கதவையே யாராவது பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோவார்கள். பிறகு பெய்யும் மழையெல்லாம் உள்ளே போகும். விளக்கு எரியவில்லை என்று ஆள் வந்து பார்க்கும்போது, உடைந்த கட்டையை மாற்ற நேரமோ பொருளோ இல்லாமல் ஒயர்களை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டுப் போவார். விளக்கு எரியும், புகார் முடிந்தது என்று பதிவாகும். ஒரு கோடையில் அந்த டேப்பின் பசை காய்ந்து பிரியும். காற்றில் கம்பம் அதிரும்போதெல்லாம் கதவு வாயின் கூர்மையான விளிம்பில் ஒயர் உரசும். உறை அறுந்து உள்ளிருக்கும் உலோகம் கம்பத்தைத் தொடும் நாளில் கம்பம் முழுவதும் ஃபேஸ் ஆகிவிடும். அதே கம்பத்தில் கன்னட ராஜ்யோத்சவத்துக்கும் விநாயகர் சதுர்த்திக்கும் சீரியல் விளக்குக் கட்டுவார்கள். விளம்பரப் பலகைக்கு ஒயர் இழுப்பார்கள். கேபிள் டிவிக்காரர் தன் கம்பியைச் சுற்றி வைப்பார். ஒவ்வொன்றும் ஆபத்துக்கு இன்னொரு வாசல்.

பூமிக்கடியில் நடப்பதும் இதே கதைதான். கேபிள் எவ்வளவு ஆழத்தில் கிடக்க வேண்டும் என்பதற்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1255 அளவு சொல்கிறது. குறைந்த அழுத்தக் கேபிளுக்கு 75 சென்டிமீட்டர், 11,000 வோல்ட் கேபிளுக்கு 90 சென்டிமீட்டர். சுற்றி மணல் பரப்பி, மேலே செங்கலோ பலகையோ மூடி, அதன்மேல் மண் போட வேண்டும். அப்படிப் போட்டால் பின்னால் தோண்டுகிறவரின் கடப்பாரை முதலில் செங்கலில் படும். அவசரமாக முடித்த வேலையில் மணலும் இருக்காது, செங்கலும் இருக்காது. பல இடங்களில் கேபிள் ஒரு சாண் ஆழத்தில் கிடக்கும். இணையக் கேபிள் போட வருகிற இயந்திரமோ, குழாய் உடைப்பைச் சரிசெய்ய வருகிற ஜே.சி.பி.யோ அதன் உறையைச் சீவிவிட்டுப் போகும். உடனே அறுந்தால் மின்தடை வரும், பழுதும் தெரியும். உறை மட்டும் கீறினால்தான் வினை. தண்ணீர் மெல்ல உள்ளே இறங்கி, மாதக்கணக்கில் அரித்து, பிறகு கசியத் தொடங்கும். கேபிளில் எப்போதும் பலவீனமான இடம் ஜாயின்ட். இரண்டு துண்டுகளைச் சேர்த்து, உறை மாட்டி, ஈரம் புகாமல் அடைக்கும் அந்த வேலை பெரும்பாலும் மழை பெய்யும் நள்ளிரவில், குழிக்குள் நின்றுகொண்டு செய்யப்படுகிறது. அதன் தரத்தில்தான் மேலே நடப்பவரின் உயிர் இருக்கிறது.

ஃபேஸ் கம்பி கம்பத்தைத் தொட்டால் ஃபியூஸ் போய்விடாதா? அதற்குத்தானே எர்த் கொடுத்திருக்கிறார்கள்? பலரும் கேட்கும் கேள்வி இது. விடையைக் கணக்கில்தான் காட்ட முடியும். கம்பத்தின் பக்கத்தில் அடித்திருக்கும் எர்த் கம்பியின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். வறண்ட மண்ணில் இது சாதாரணம். மின்மாற்றியின் எர்த் தடை 2 ஓம். கசிந்த மின்சாரம் இந்த 22 ஓம் வழியாக மண்ணில் இறங்கி மின்மாற்றிக்குத் திரும்ப வேண்டும். 230 வோல்ட்டை 22ஆல் வகுத்தால் 10 ஆம்பியரைச் சற்றே தாண்டும். அந்தத் தெருவின் விளக்குகளுக்கெல்லாம் சேர்த்துப் போட்டிருக்கும் ஃபியூஸ் 32 ஆம்பியர் என்றால், 10 ஆம்பியர் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஃபியூஸ் போகாது. கம்பத்தில் 200 வோல்ட்டுக்கு மேல் அழுத்தம் இரவும் பகலும் நிற்கும். எர்த் கம்பி நல்ல நிலையில் இருக்கும்போதே இதுதான் நிலைமை. அது அரித்துப்போயிருந்தாலோ திருடு போயிருந்தாலோ அழுத்தம் முழு 230.

ஆகவே தனித்து அடித்த எர்த் கம்பி மட்டும் யாரையும் காப்பாற்றாது. கம்பத்தின் உலோகத்திலிருந்து மின்மாற்றியின் நியூட்ரல் வரை ஒரு செப்புக் கம்பியோ இரும்புப் பட்டையோ தொடர்ச்சியாக ஓட வேண்டும். அப்போது கசிவு ஏற்பட்ட மறுகணம் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து ஃபியூஸ் எரியும். இல்லையென்றால், போன மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் சமமாக இருக்கிறதா என்று ஒப்பிட்டு, சிறு வித்தியாசத்தையும் பிடித்துத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி வேண்டும். வீடுகளில் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்திலேயே துண்டித்துவிடும் கருவி இப்போது பரவலாகிவிட்டது. தெருவிளக்குச் சுற்றுகளில் அது இன்னும் பரவவில்லை. மழை நாளில் நீளமான சுற்றில் சிறு ஈரக் கசிவுக்கே கருவி துண்டித்துவிடும், தெரு முழுவதும் இருண்டுவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். காரணத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரு தெருவின் சுற்றைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவி வைத்தால் இருள்வது பத்து விளக்குகள்தான். அப்படி இருள்வதும் நல்லதே. எங்கே பழுது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

மனித உடலுக்கு எவ்வளவு மின்சாரம் போதும் என்பது பல்லாண்டு ஆய்வில் தெளிவான விஷயம். ஒரு மில்லி ஆம்பியர் அளவில் சுருக்கென்று தெரியும். பத்து மில்லி ஆம்பியரில் தசை இறுகி, பிடித்த பொருளைக் கை விடாது. முப்பதைத் தாண்டினால் மூச்சுத் தசை பாதிக்கப்படும். ஐம்பதுக்கு மேல் சில நொடிகள் நீடித்தால் இதயம் ஒழுங்காகத் துடிப்பதை விட்டு நடுங்கத் தொடங்கும். அந்த நடுக்கத்தில் ரத்தம் பாயாது. காய்ந்த தோலும் செருப்பும் உடலின் தடையைப் பல ஆயிரம் ஓம்களாக வைத்திருக்கும். நனைந்த உடலில் அது ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அப்போது 200 வோல்ட் கம்பத்தைத் தொட்டவர் உடலில் 200 மில்லி ஆம்பியர் பாயும். மழைக்காலத்தில் மட்டும் சாவுகள் குவிவதற்கு இதுவே காரணம். கோளாறு கோடையிலும் அங்கேதான் இருந்தது. மழை வந்து அதற்கும் மனித உடலுக்கும் இடையே இருந்த தடையை நீக்கிவிட்டது.

2022 செப்டம்பர் தொடக்கத்தில் பெங்களூரின் கிழக்குப் பகுதிகள் வெள்ளத்தில் மிதந்தன. 5ஆம் தேதி இரவு, ஒயிட்ஃபீல்டு அருகே சித்தாபுரத்தில், ஸ்கூட்டரில் வீடு திரும்பிக்கொண்டிருந்த 23 வயதுப் பெண் ஒருவர் தெருவில் தேங்கிய நீரில் தடுமாறி, விழாமல் இருக்கப் பக்கத்திலிருந்த மின்கம்பத்தைப் பிடித்தார். கம்பத்தில் மின்சாரம் இருந்தது. அவர் பிழைக்கவில்லை. தடுமாறுகிறவர் கைக்குக் கிட்டியதைப் பிடிப்பது இயல்பு. அந்த இயல்பே சாவாக மாறும் அளவுக்கு ஒரு பொதுவிடத்தை விட்டுவைத்திருப்பது யாருடைய பிழை என்ற கேள்வி, மாநகராட்சிக்கும் மின்நிறுவனத்துக்கும் இடையே ஒவ்வொரு முறையும் உருட்டி விடப்படுகிறது.

அடுத்த ஆண்டு, 2023 நவம்பர் 19ஆம் தேதி விடியற்காலை, அதே ஒயிட்ஃபீல்டு பகுதியில் ஹோப் ஃபார்ம் சந்திப்பில் நடந்தது இன்னும் கொடியது. தீபாவளிக்குத் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிய ஒரு குடும்பம் பேருந்திலிருந்து இறங்கி நடைபாதையில் நடந்தது. கணவன், மனைவி, தாயின் கையில் ஒன்பது மாதப் பெண் குழந்தை. நடைபாதையில் 11,000 வோல்ட் கம்பி ஒன்று அறுந்து கிடந்தது. இருட்டில் அது கண்ணில் படவில்லை. 23 வயதான தாயும் குழந்தையும் அங்கேயே கருகி இறந்தார்கள். காப்பாற்றப் போன கணவர் காயமடைந்தார். பெஸ்காம் அதிகாரிகளும் ஊழியர்களுமாக ஐவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டனர். காவல்துறை வழக்குப் பதிந்தது.

11,000 வோல்ட் கம்பி அறுந்து விழுந்தால் துணைமின்நிலையத்தில் ரிலே உடனே துண்டிக்க வேண்டும். பல நேரம் துண்டிக்கும். ஆனால் கம்பி விழுந்த இடம் காய்ந்த கல்லாகவோ தாராகவோ இருந்தால் மண்ணுக்குள் இறங்கும் மின்னோட்டம் சில ஆம்பியர்தான் இருக்கும். சாதாரண நுகர்வில் ஏறி இறங்கும் அளவைவிட அது குறைவு; ரிலேயின் கணக்கில் அது பழுதாகவே படாது. இன்னொரு ஆபத்தும் உண்டு. லைன் டிரிப் ஆனதும், மரக்கிளை உரசியிருக்கும் என்று எண்ணி, நேரில் போய்ப் பார்க்காமல் மறுபடியும் சார்ஜ் செய்து பார்ப்பது பல இடங்களிலும் உள்ள பழக்கம். தரையில் கம்பி கிடக்கும்போது அப்படிச் செய்வது, செத்த பாம்புக்கு உயிர் கொடுத்து வழியில் விடுவதற்குச் சமம். தெருவின் மேல் போகும் மின்கம்பி அறுந்தால் அதைத் தீங்கற்றதாக்கும் கருவி வேண்டும் என்று 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே 91ஆம் விதி சொன்னது. அந்த விதி புதிதல்ல, புரியாததும் அல்ல.

விழுந்த உயரழுத்தக் கம்பியைத் தொடாமலே உயிர் போகலாம். கம்பி தொடும் புள்ளியில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். விலகிப் போகப் போகத் தரையில் அது படிப்படியாகக் குறையும். அகலமாக ஓர் அடி வைத்தால் இரண்டு பாதங்களுக்கும் இடையே நூற்றுக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வந்து ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்கும். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகமுள்ள மாடுகள் மனிதரைவிட எளிதாக இப்படிச் சாகின்றன. அருகில் இருப்பது தெரிந்துவிட்டால் ஓடக் கூடாது. இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து, தரையை விட்டு எடுக்காமல் சிறிது சிறிதாக இழுத்து நகர வேண்டும். பத்து மீட்டர் விலகினால் பெரும்பாலும் ஆபத்து இல்லை.

பெங்களூரைவிடப் பூமிக்கடிக் கேபிளை வெகு காலமாக அதிகம் நம்பியிருக்கும் ஊர் சென்னை. அங்கே ஆபத்து பில்லர் பாக்ஸைச் சுற்றி வருகிறது. 2017 நவம்பர் 1ஆம் தேதி கொடுங்கையூரில், பில்லர் பாக்ஸ் அருகே தேங்கிய மழைநீரில் கிடந்த மின்கம்பியில் கால் வைத்துச் சிறுமியர் இருவர் இறந்தனர். 2019 செப்டம்பரில் முகலிவாக்கத்தில், சாலையில் சரியாகப் புதைக்காமல் விட்ட கேபிளுக்குப் பள்ளிச் சிறுவன் ஒருவன் பலியானான். 2025 ஆகஸ்டில் கண்ணகி நகரில், விடியும் முன் வேலைக்குப் போன தூய்மைப் பணியாளரான பெண் ஒருவர் தேங்கிய நீரில் இறந்தார். இந்தப் பட்டியலில் இருப்பவர்களைப் பார்த்தால் ஒன்று தெரியும். காரில் போகிறவர் இதில் சாவதில்லை. நடந்து போகிறவர், தண்ணீரில் விளையாடும் பிள்ளைகள், இருட்டோடு வேலைக்குக் கிளம்புகிறவர்கள்தான் சாகிறார்கள். வடிகால் சரியில்லாத தெருவில் மழைநீர் நிற்கிறது. அதே தெருவில்தான் பழைய கேபிளும் கிடக்கிறது.

சாவு ஒன்று நடந்த பிறகு ஒரு நகரம் என்ன செய்ய முடியும் என்பதற்கு நியூயார்க்கைச் சொல்லலாம். 2004 ஜனவரி 16ஆம் தேதி மாலை, மன்ஹாட்டனின் ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த 30 வயதுப் பெண் தன் இரண்டு நாய்களுடன் நடந்து போனார். 11ஆவது தெருவும் முதல் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில், கான் எடிசன் மின்நிறுவனத்தின் சர்வீஸ் பாக்ஸ் மூடி ஒன்று உருகிய பனிச்சேற்றுக்கு அடியில் கிடந்தது. முதலில் நாய்கள் துள்ளின. உதவப் போன அவர் மூடியின் மேல் விழுந்து இறந்தார். மூடிக்கு உள்ளே சரியாக உறையிடாமல் விட்ட ஒரு ஒயரே காரணம். பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு, தண்ணீரின் கடத்துத்திறனைக் கூட்டியிருந்தது. நிறுவனம் 72 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வழக்கைத் தீர்த்தது. அதில் 10 லட்சம் டாலர் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகைக்குப் போனது.

பணத்தைவிடப் பெரியது, அதற்குப் பிறகு வந்த ஆணை. நியூயார்க் மாநிலப் பொதுச்சேவை ஆணையம் 2005 ஜனவரியில், பொதுமக்கள் தொடக்கூடிய மின்நிறுவனப் பொருள்களையும் தெருவிளக்குகளையும் ஆண்டுதோறும் மின்கசிவுக்குச் சோதிக்க வேண்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. ஒரு வோல்ட் இருந்தாலே அது கோளாறு. கண்டவுடன் காவல் போட்டு, ஆபத்தை நீக்கிவிட்டுத்தான் நகர வேண்டும். லட்சக்கணக்கான மூடிகளையும் கம்பங்களையும் கையால் தொட்டுச் சோதிப்பது நடக்காத காரியம் என்பதால், மின்புலத்தை உணரும் கருவி பொருத்திய வண்டிகள் உருவாயின. இரவில் அவை தெருத்தெருவாக மெல்லப் போகும். மின்னழுத்தம் உள்ள பொருளின் பக்கத்தில் வந்ததும் கருவி ஒலி எழுப்பும். ஆட்கள் இறங்கி மீட்டரால் உறுதிசெய்வார்கள். அப்படித் தேடியபோது, யாரும் புகார் சொல்லாத இடங்களில் ஆயிரக்கணக்கில் கசிவுகள் கிடைத்தன. தேடாத ஊரில் கசிவு இல்லை என்று சொல்வதற்கு எந்த ஆதாரமும் கிடையாது என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

பெங்களூரில் இதைத் தொடங்க அந்த வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு லைன்மேன், ஒரு மீட்டர், மண்ணில் குத்த ஒரு இரும்புக் குச்சி, ஒரு ரெசிஸ்டர் இருந்தால் போதும். மீட்டரின் ஒரு முனையைக் கம்பத்தின் பெயிண்ட் சுரண்டிய இடத்திலும், மறுமுனையை இரண்டு மீட்டர் தள்ளி ஈரமண்ணில் குத்திய குச்சியிலும் வைக்க வேண்டும். மீட்டர் 60 வோல்ட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது உண்மையான கசிவா, பக்கத்துக் கம்பியின் தூண்டலால் வந்த பொய்யழுத்தமா என்று அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டு முனைகளுக்கும் குறுக்கே 500 ஓம் ரெசிஸ்டரை இணைத்துப் பார்க்க வேண்டும். பொய்யழுத்தம் என்றால் எண் சட்டென்று பூஜ்யத்துக்கு அருகே விழுந்துவிடும். உண்மைக் கசிவு என்றால் எண் பெரிதாக இறங்காது. அந்த ரெசிஸ்டரின் இடத்தில் ஒரு மனித உடல் இருந்தால் எவ்வளவு மின்சாரம் பாயும் என்பதையும் அதிலிருந்தே கணக்கிடலாம். சட்டைப் பையில் செருகியிருக்கும் நியான் டெஸ்டர் இந்த வேலைக்கு ஆகாது. வெயிலில் அதன் வெளிச்சம் தெரியாது. ரப்பர் செருப்புடன் நிற்பவர் கையில் அது எரியாமலும் போகலாம்.

சோதனை தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே, ஏப்ரல் மே மாதங்களில் முடிய வேண்டும். ஒவ்வொரு கம்பத்துக்கும் எண்ணும், சோதித்த தேதியும், கிடைத்த அளவும் பதிவாக வேண்டும். தாழ்வான பகுதிகளில் மழை பெய்த பிறகு இன்னொரு முறை பார்க்க வேண்டும். கதவில்லாத கம்பங்களுக்குக் கதவு போடுவது, தண்ணீர் நிற்கும் இடத்துப் பெட்டிகளைப் பீடம் கட்டி உயர்த்துவது, மூடிகளைக் கடத்தாத கண்ணாடியிழைப் பொருளுக்கு மாற்றுவது எல்லாம் செய்யத்தக்கவை. ஆனால் மூடியை மாற்றிவிட்டு உள்ளே இருக்கும் ஜாயின்ட்டை அப்படியே விடுவதில் பயனில்லை. ஊழியர் ஒருவரைப் பணியிடைநீக்கம் செய்வது எளிது. அவருக்குக் கீழே எத்தனை கிலோமீட்டர் கம்பி இருந்தது, எத்தனை பேர் இருந்தார்கள், சோதிக்க அவரிடம் கருவி இருந்ததா என்று கேட்பதுதான் அடுத்த சாவைத் தடுக்கும்.

சட்டம் இந்த விஷயத்தில் பாதிக்கப்பட்டவர் பக்கம் உறுதியாக நிற்கிறது. 1997 ஆகஸ்டில் மத்தியப் பிரதேசத்தில், தொழிற்சாலையிலிருந்து இரவில் சைக்கிளில் வீடு திரும்பிய தொழிலாளி ஒருவர், மழைநீர் நிறைந்த சாலையில் அறுந்து கிடந்த மின்கம்பியில் சிக்கி இறந்தார். வேறு யாரோ திருட்டுத்தனமாகக் கொக்கி போட்டதால் வந்த வினை என்று மின்வாரியம் வாதிட்டது. 2002 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆபத்தான ஒன்றைக் கையாள்பவர், தன் கவனக்குறைவு நிரூபிக்கப்படாவிட்டாலும், அதனால் வரும் தீங்குக்குப் பொறுப்பு. பிறர் திருடுவதைத் தடுப்பதும் வாரியத்தின் வேலைதான் என்று தீர்ப்பளித்தது. 1868இல் இங்கிலாந்தில் முடிவான ரைலண்ட்ஸ் எதிர் ஃப்ளெட்சர் வழக்கின் கொள்கையே அதற்கு அடிப்படை. ஆகவே இழப்பீடு கேட்கும் குடும்பம், எந்த இன்ஜினீயர் எங்கே தவறினார் என்று தேடி நிரூபிக்க வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 161ஆம் பிரிவின்படி விபத்தை மின் ஆய்வாளருக்குத் தெரிவிப்பது கட்டாயம். ஆய்வாளரின் அறிக்கை வழக்குக்கு முக்கியச் சான்று. அதன் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

பொதுமக்கள் கவனிக்கக்கூடிய அறிகுறிகள் சில உண்டு. தெருநாய் ஒரு மூடியைத் தாண்டும்போது அலறித் துள்ளினாலோ, ஒரு கம்பத்தின் பக்கம் போக மறுத்தாலோ, மாடு ஒன்று காரணமில்லாமல் இறந்து கிடந்தாலோ அந்த இடத்தைச் சந்தேகிக்க வேண்டும். நாய்களுக்குச் செருப்பு இல்லை. நமக்கு முன்பே அவற்றுக்குத் தெரிந்துவிடும். கம்பத்தைத் தொட்டபோது லேசாகச் சுருக்கென்றது என்றாலும் அதை அலட்சியம் செய்யக் கூடாது. செருப்பு காய்ந்திருந்ததால் அது லேசாக இருந்தது, அவ்வளவே. பெஸ்காமின் 1912 எண்ணுக்குக் கம்பத்தின் எண்ணையோ பக்கத்துக் கடையின் பெயரையோ சொல்லிப் புகார் செய்து, ஆள் வரும்வரை அந்த இடத்தில் ஒரு நாற்காலியோ மரக்கிளையோ வைத்து வழியை மறிக்கலாம்.

ஒருவர் மின்சாரத்தில் சிக்கியிருக்கும்போது வெறுங்கையால் இழுப்பது இரண்டாவது சாவுக்கு வழி. சுவிட்சையோ ஃபியூஸையோ அணைக்க முடிந்தால் அதுதான் முதல் வேலை. முடியாதபோது, தெருவிளக்குக் கம்பம் போன்ற குறைந்த அழுத்தத்தில், காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் குழாயாலோ, காய்ந்த இடத்தில் நின்றுகொண்டு விலக்கலாம். 11,000 வோல்ட் கம்பிக்கு மரக்கட்டையும் போதாது. லைன் துண்டிக்கப்பட்டது உறுதியாகும்வரை பத்து மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். விலக்கியவர் மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தால் 108க்குச் சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை மார்பின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் சென்னை அரும்பாக்கத்தில், தேங்கிய நீரில் மின்சாரம் தாக்கி விழுந்த பள்ளிச் சிறுவனை அந்த வழியே போன இளைஞர் ஒருவர் இழுத்துக் கரை சேர்த்து, மார்பை அழுத்தி உயிர் மீட்டார். ஷாக் அடித்தவர் எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசினாலும் அன்றே மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். தோலில் ஒரு சிறு கருப்புப் புள்ளி மட்டும் தெரிந்தாலும், மின்சாரம் போன வழியில் உள்ளே தசை வெந்திருக்கலாம். அது சிறுநீரகத்தைப் பாதிக்க ஓரிரு நாள் ஆகும்.